கவுன்சலிங்குக்கு வரும் மாணவர் தேறிவிட்டார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மூன்றாம்_அறை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பல்கலைக்கழகக் கவுன்சலிங் மையத்தில் ஆறு வருடங்களாக ஆலோசகராக இருக்கிறேன். நாங்கள் மூன்று பேர், அறைகளும் மூன்று. என்னுடையது கடைசி அறை, பெயர் அப்படி வந்ததுதான்.

போன வாரம் நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடந்த ஆண்டு மையத்துக்கு வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் முன்னேற்றம் அடைந்தார்கள் என்று அறிக்கை தர வேண்டுமாம், இரண்டு வாரத்துக்குள். இதுவரை எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை அமர்வு நடந்தது என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதிவேட்டைத் திறந்தால் போதும். 'முன்னேற்றம்' என்று கேட்டதும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வருகிற எல்லோரிடமும் முதல் நாளே பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுப் படிவத்தை எழுதி வாங்கிவிடுகிறோம். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. எண் கூடினால் நிலைமை மோசம். அப்புறம் நான்காவது அமர்விலோ, கடைசி அமர்விலோ, ஞாபகம் வரும்போதோ மறுபடியும் ஒன்று. ('ஞாபகம் வரும்போது' என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள்.) கடந்த ஆண்டு 112 பேர் வந்தார்கள். இரண்டாவது படிவம் இருப்பது 66 பேருக்குத்தான். அந்த 66 பேரின் சராசரி ஏறக்குறைய 14இலிருந்து 9க்கு இறங்கியிருக்கிறது.

"ஐந்து புள்ளி குறைந்திருக்கிறது, அதையே எழுதி அனுப்பிவிடலாம்" என்கிறார் என் சக ஆலோசகர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கண் முன்னால் நன்றாகத் தேறிய ஒரு மாணவரின் எண் ஆறு மாதமாக அசையவே இல்லை. இன்னொருவர் மூன்றே அமர்வில் 19இலிருந்து 6க்கு வந்தார், ஆனால் அந்த வாரம்தான் தேர்வு முடிந்திருந்தது. அதில் என் பங்கு எவ்வளவு, விடுமுறையின் பங்கு எவ்வளவு?

நீங்கள் எந்தப் படிவம் வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு இடைவெளியில் வாங்குகிறீர்கள், எவ்வளவு இறங்கினால் 'தேறினார்' என்று எழுதுகிறீர்கள்? அறிக்கைக்காக மட்டும் கேட்கவில்லை. எனக்கே தெரிந்தாக வேண்டும்.

சிக்மா_சின்னது

நான் ஆலோசகர் இல்லை. இரண்டு மூன்று மையங்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன், அந்த அளவுக்குத்தான் பேசுவேன்.

சராசரியை அனுப்பாதீர்கள். ஒருவர் 15 புள்ளி இறங்கி, இன்னொருவர் 5 புள்ளி ஏறினாலும் சராசரி 5 இறங்கியதாகத்தான் காட்டும். ஏறியவர் அதற்குள் காணாமல் போய்விடுவார். நீங்கள் முதலில் தேட வேண்டிய ஆள் அவர்தான்.

ஆள் ஆளாகப் பாருங்கள். ஒருவரை ஒரே மனநிலையில் திங்கட்கிழமை ஒரு முறை, புதன்கிழமை ஒரு முறை எழுதச் சொன்னாலும் எண் ஒன்றிரண்டு முன்பின் வரும். அது படிவத்தின் ஆட்டம். அந்த ஆட்டத்தைத் தாண்டிய மாற்றத்தைத்தான் மாற்றம் என்று சொல்ல முடியும். 1991இல் ஜேக்கப்சன், ட்ரூவாக்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதற்கு வழி எழுதி வைத்துவிட்டார்கள். படிவத்தின் நம்பகத்தன்மையை (எவ்வளவு சீராக அளக்கிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண்) ஒன்றிலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்து, அதைத் திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) பெருக்கினால் ஒரு தடவை அளப்பதில் வரும் பிழை கிடைக்கும். இரண்டு தடவை அளக்கிறோம் என்பதால் அதை 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, பிறகு 1.96ஆல் பெருக்க வேண்டும். ஒரு பேச்சுக்குத் திட்ட விலக்கம் 6, நம்பகத்தன்மை 0.85 என்று வையுங்கள். விடை 6.4 வரும். அதாவது அந்தப் படிவத்தில் ஒருவர் 7 புள்ளியாவது நகர்ந்தால்தான் பேசலாம்.

பயந்துவிடாதீர்கள், பெரும்பாலான படிவங்களுக்கு இந்த எண்ணை ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பி.எச்.க்யூ-9க்கு 5 புள்ளி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இதே மாதிரி வேறு படிவங்களான கோர்-10க்கு 6, ஓ.க்யூ-45க்கு 14.

ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் கேட்கும் இரண்டாவது கேள்வி, சிக்கலான நிலையையும் சாதாரண நிலையையும் பிரிக்கும் எல்லைக்கோட்டை ஆள் தாண்டினாரா என்பது. பி.எச்.க்யூ-9இல் 10 என்று வைத்துக்கொள்ளலாம். 17இலிருந்து 11க்கு வந்தவர் நகர்ந்திருக்கிறார், ஆனால் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறார். 11இலிருந்து 9க்கு வந்தவர் கோட்டைத் தாண்டியிருக்கிறார், ஆனால் அது வெறும் ஆட்டமாகக்கூட இருக்கலாம். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் 'தேறினார்'. நகர்ந்து மேலேயே இருந்தால் 'முன்னேறினார்'. மற்றவை 'மாற்றமில்லை', 'மோசமானார்'. 7இல் தொடங்கியவரை இந்தக் கணக்கில் 'தேறினார்' பக்கம் சேர்க்கவே முடியாது. அவர் கோட்டுக்குக் கீழேதானே வந்தார்.

விடுமுறை சந்தேகம் நியாயமானது. மனிதர்கள் நிலைமை மிக மோசமாக இருக்கும் நாளில்தான் உங்கள் கதவைத் தட்டுகிறார்கள். மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள்கள் எப்படியும் கொஞ்சம் தேவலையாகத்தான் இருக்கும், நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும். இதற்கு ஒரு மலிவான சோதனை உண்டு. மாணவர் நேரம் கேட்டுப் பதிவு செய்யும் நாளில் ஒரு படிவம், முதல் அமர்வு நாளில் ஒரு படிவம் வாங்குங்கள். காத்திருந்த இரண்டு வாரத்திலேயே எவ்வளவு இறங்கியது என்று தெரிந்துவிடும். அந்த அளவை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் செமஸ்டரின் எத்தனையாவது வாரம் என்றும் குறித்து வையுங்கள். இரண்டாவது வாரத்தில் வந்த 14உம் தேர்வுக்கு முந்தின வாரத்தில் வந்த 14உம் ஒன்றல்ல.

பழைய_நாற்காலி

சிக்மா சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கணக்குப் போடுவதற்கு முன்னால் அந்த எண் எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான், கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் அறை, உங்கள் மையத்தில் படிவத்தை யார் கொடுக்கிறார்கள்? எங்கே உட்கார்ந்து எழுதுகிறார்கள்? நான் இருந்த இடத்தில் வரவேற்பு மேசையில் கிளிப் பலகையோடு கொடுத்தோம். பக்கத்து நாற்காலியில் அதே வகுப்புப் பையன் உட்கார்ந்திருப்பான். "பசி குறைந்ததா, தூக்கம் கெட்டதா, செத்துவிட்டால் நல்லது என்று தோன்றியதா" என்ற கேள்விகளுக்கு அந்த இடத்தில் யார் உண்மையைக் குறிப்பார்கள்? எல்லோரும் 0, 1 என்று போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் எங்கள் மேல் நம்பிக்கை வந்த பிறகு உள்ளதை உள்ளபடி எழுதினார்கள், எண் ஏறியது. கணக்கில் 'மோசமானார்' என்று வரும். உண்மையில் அந்த மூன்றாவது வாரம்தான் வேலையே தொடங்கியிருக்கும். அதனால் முதல் எண்ணை நான் ஒருபோதும் முழுசாக நம்ப மாட்டேன். இரண்டாவது அமர்வின் எண்ணும் கையில் இருந்தால்தான் தொடக்கப் புள்ளி எது என்று பேச முடியும்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு வியாழக்கிழமை மாலை ஒரு மாணவி படிவம் எழுதிக் கொடுத்தாள். அன்று அவளுடைய ஆலோசகர் விடுப்பு, நேரத்தை மாற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். படிவம் தட்டில் கிடந்தது. திங்கட்கிழமை காலை நான் அதை எடுத்துப் பார்த்தபோது ஒன்பதாவது கேள்விக்கு 3. அதாவது தன்னை முடித்துக்கொள்வது பற்றி, இல்லை காயப்படுத்திக்கொள்வது பற்றி ஏறக்குறைய தினமும் எண்ணம் வருகிறது. நான்கு நாள். அவளைத் தேடிப் பிடித்துப் பேசினோம், அவளுக்கு எதுவும் ஆகவில்லை. எனக்குத்தான் அந்த நான்கு நாள் இன்னும் கணக்கில் நிற்கிறது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம்: மாணவர் கட்டடத்தை விட்டு வெளியே போவதற்குள் படிவத்தைப் படிக்க ஒரு ஆள் இல்லாவிட்டால் அன்று படிவமே கொடுக்கக் கூடாது. உங்கள் அறிக்கையின் சதவீதம் எப்படியோ போகட்டும், இதை மட்டும் நாளைக்கே சரிபாருங்கள்.

எந்தப் படிவம் என்று கேட்டீர்கள். பி.எச்.க்யூ-9 மோசமில்லை, இலவசம், 2001இலிருந்து உலகம் முழுக்க ஓடுகிறது. ஆனால் அது மனச்சோர்வை அளக்கச் செய்தது. உங்களிடம் வருபவர்களில் எத்தனை பேர் மனச்சோர்வுக்காக வருகிறார்கள்? மேடையில் பேசப் பயம், படிப்பில் பின்தங்கல், அறைத்தோழரோடு ஒத்துப்போகாமை, காதல் முறிவு. பேச்சுப் பயம் நீங்கிய பையனுக்குப் பி.எச்.க்யூ-9 அசைய வேண்டிய அவசியமே இல்லை. உங்களுடைய அந்த அசையாத மாணவர் எதற்காக வந்தார் என்று குறிப்பைப் புரட்டிப் பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைக்கலாம்.

இன்னொரு சிக்கல் கால அளவு. பி.எச்.க்யூ-9 'கடந்த இரண்டு வாரம்' என்று கேட்கிறது. வாராவாரம் கொடுத்தால் போன வாரத்தை இரண்டு தடவை எண்ணுகிறீர்கள். கோர்-10 'கடந்த ஒரு வாரம்' என்றுதான் கேட்கும், பத்தே கேள்வி, மொத்தம் 40, 11இல் எல்லைக்கோடு. ஒவ்வொரு அமர்விலும் கொடுக்க எனக்குப் பிடித்தது அதுதான். மாணவர்களுக்கென்றே செய்தது வேண்டுமானால் சி.சி.ஏ.பி.எஸ். இருக்கிறது. 62 கேள்வியும் 34 கேள்வியும் என்று இரண்டு வடிவம், அமெரிக்காவில் பென் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மையம் அதைப் பராமரிக்கிறது. மனச்சோர்வு, பதற்றம், சமூகப் பயம் எல்லாம் தனித்தனியாக வரும், படிப்புச் சுமையின் தவிப்புக்கென்றும் ஒரு பகுதி உண்டு. உங்கள் அசையாத மாணவருக்கு அந்த ஒரு பகுதி மட்டும் அசைந்திருக்கக்கூடும்.

வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்கும் ஓ.ஆர்.எஸ். என்று ஒன்று, நான்கே கோடு, ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர். மாணவர் கோட்டின் மேல் ஒரு குறி போடுவார், நாம் அளவுகோல் வைத்து அளப்போம். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு சின்ன எச்சரிக்கை: நகல் எடுக்கும்போது தாள் சுருங்கி எங்கள் கோடு ஒன்பது சென்டிமீட்டர் சொச்சமாகிவிட்டது. ஒரு செமஸ்டர் முழுக்க எல்லோரும் கொஞ்சம் சோகமாக இருந்தார்கள், காரணம் நகல் இயந்திரம்! இன்னொன்று, அதில் எண் ஏறினால் நல்லது, பி.எச்.க்யூவில் இறங்கினால் நல்லது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தால் என்றைக்காவது ஒருநாள் யாராவது தலைகீழாகப் படித்துவிடுவார்கள்.

அப்புறம் ஒரு சொல் பற்றி. நாங்கள் முதலில் இதை 'மதிப்பெண்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மாணவரிடம் மதிப்பெண் என்ற சொல்லைச் சொன்னால் என்ன ஆகும்? 18 எடுத்திருக்கிறாய் என்றால் முகம் மலர்கிறது. அடுத்த தடவை 12 என்றால் "குறைந்துவிட்டதா?" என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு வருடப் பள்ளிப்படிப்பு லேசில் போகுமா? அதனால் 'அளவு' என்று மாற்றினோம்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் சொல்ல வந்தது இதுதான். படிவம் இழுப்பறைக்குப் போகக் கூடாது. மாணவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அதை மேசையில், இருவருக்கும் தெரிகிற மாதிரி வைத்து, "போன வாரம் இந்தக் கேள்விக்கு 1 போட்டிருந்தாய், இன்று 3, என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். எண்ணுக்கு முதல் சொந்தக்காரர் எழுதியவர். நிர்வாகம் நான்காவதோ ஐந்தாவதோ.

நம் கண்ணை நாம் ரொம்ப நம்புகிறோம். லாம்பர்ட் என்பவரின் குழு 2005இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 550 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இவர்களில் யார் யார் மோசமாகப் போவார்கள் என்று ஆலோசகர்களிடமே கேட்டார்கள். மூன்று பேர் என்றார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். சொன்ன மூவரிலும் ஒருவர்தான் அந்த நாற்பதில் இருந்தார். அந்த ஆலோசகர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை, உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். ஆள் தேறுவார் என்ற நம்பிக்கை இல்லாமல் இந்த நாற்காலியில் உட்காரவே முடியாது. அதே நம்பிக்கை சறுக்கலைக் காட்டாமல் மறைத்துவிடுகிறது. யார் சறுக்குகிறார் என்று படிவம் பார்த்து உடனே ஆலோசகருக்குச் சொல்லும் முறையை அதே குழு செய்துபார்த்தது. அப்படிச் சொன்ன இடங்களில் மோசமாகிறவர்கள் குறைந்தார்கள்.

முன்னாள்_மாணவி

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். பட்ட மேற்படிப்பின்போது ஒன்றரை வருடம் கவுன்சலிங் போனேன். எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பழைய நாற்காலி மேடம் சொன்ன கிளிப் பலகை எனக்கும் கிடைத்தது. நான் எல்லாவற்றுக்கும் 1 போட்டேன். 0 போட்டால் "உனக்கு ஒன்றும் இல்லை, போ" என்று அனுப்பிவிடுவார்கள், 3 போட்டால் துறைத்தலைவருக்கோ வீட்டுக்கோ சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். இந்தத் தாளை யார் பார்ப்பார்கள், யார் பார்க்க மாட்டார்கள் என்று ஒருவரும் ஒரு வரி சொல்லவில்லை. அந்த ஒரு வரி மட்டும் சொல்லியிருந்தால் நான் உண்மையை எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிரச்சினை செமினார். என் பெயர் கூப்பிட்டால் கை நடுங்கும், இரண்டு தடவை பாதியில் வெளியே போய்விட்டேன். என் ஆலோசகர் படிவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "இங்கே வருவது போதும் என்று எதைப் பார்த்தால் உனக்குத் தோன்றும்?" என்று கேட்டார். யோசித்து யோசித்துச் சொன்னேன்: இருபது நிமிடம் நின்று பேசிவிட்டு, கேள்வி நேரத்திலும் நிற்க வேண்டும். அதை அவர் ஒரு தாளில் ஐந்து படியாக எழுதினார். வகுப்புக்கே வராமல் இருப்பது அடிப்படி, வந்து பாதியில் ஓடுவது அடுத்தது, தாளைப் பார்த்தபடி படித்து முடிப்பது நடுவில், பார்க்காமல் பேசுவது அதற்கு மேல், கேள்விக்குப் பதில் சொல்வது உச்சி. மாதம் ஒரு தடவை அந்தத் தாளை எடுத்து, இன்று எந்தப் படி என்று நானே தொட்டுக் காட்டுவேன்.

கடைசி வரைக்கும் என் கை நடுக்கம் நிற்கவில்லை. பதற்றம் பற்றிய கேள்விகளில் என் எண் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. ஆனால் நான்காவது படியில் நின்றேன், ஒரே ஒரு தடவை ஐந்தாவதிலும். அந்த மைய அறிக்கையில் நான் 'மாற்றமில்லை' என்றுதான் போயிருப்பேன், இப்போது இதைப் படிக்கும்போதுதான் தோன்றுகிறது.

பழைய_நாற்காலி

முன்னாள் மாணவி, அந்த ஐந்து படித் தாளுக்கு ஒரு பெயர் உண்டு. கிரெசக், ஷெர்மன் என்ற இருவர் 1968இல் எழுதியது, இலக்கை எட்டும் அளவு என்று சொல்லலாம். -2 முதல் +2 வரை, நடுவில் எதிர்பார்த்த நிலை. உங்கள் ஆலோசகர் கெட்டிக்காரர், எண்ணைக் காட்டாமல் படியைக் காட்டியிருக்கிறார். எழுதியதற்கு நன்றி அம்மா.

நிதானம்

நான் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவன், சொல்லிவிட்டுப் போகிறேன். அறைக்குள் வந்து உட்கார்ந்தவனிடம் முதலில் ஒரு தாளை நீட்டினால் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவனை ஒரு பட்டியலாக்கிவிடுகிறோம். அப்புறம் நிர்வாகம் என்ன செய்யும் தெரியுமா? இந்த வருடம் சதவீதம் கேட்பவர்கள் அடுத்த வருடம் எந்த ஆலோசகருக்கு எவ்வளவு சதவீதம் என்று கேட்பார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அது நடந்தது. அதன் பிறகு கடினமான ஆட்களை யாரும் எடுக்கவில்லை. "இவருக்கு வெளியே மனநல மருத்துவர்தான் பொருத்தம்" என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். அந்த வருடம் மையத்தின் சதவீதம் ஜோராக ஏறியது.

பழைய_நாற்காலி

நிதானம், நிர்வாகம் பற்றி நீங்கள் சொன்னதோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆலோசகர் வாரியாக எண் கேட்டால் மறுக்க வேண்டும். வருடத்துக்கு முப்பது பேரைப் பார்க்கும் ஒருவரின் சதவீதம், இரண்டு பேர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தாலே ஆறேழு புள்ளி மாறிவிடும். அதை வைத்து யாரையும் எடை போட முடியாது. துறை வாரியாகவும் தரக் கூடாது. ஒரு துறையிலிருந்து மூன்றே பேர் வந்து, அதில் 'ஒருவர் மோசமானார்' என்று அச்சில் வந்தால் அவர் யார் என்று அந்தத் துறைக்கே தெரிந்துவிடும்.

தாளை நீட்டுவது பற்றி முதலில் சொன்னதுதான் ஒப்பவில்லை. தாளை நீட்டுகிற விதத்தில் இருக்கிறது. "இதை நிரப்பு" என்பதும், "வாரம் எப்படிப் போனது என்று நான் தவறாகப் புரிந்துகொள்ளாமல் இருக்க இது எனக்கு உதவும்" என்பதும் ஒன்றா? அமர்வு முடிவில் எஸ்.ஆர்.எஸ். கொடுப்பேன், அது நம் இருவருக்கும் இடையில் எப்படி இருந்தது என்று கேட்கும் நான்கு கோடு, மொத்தம் 40. தொடக்கத்தில் எல்லோரும் மரியாதைக்காக 40 போடுவார்கள். "இன்று எதை நான் தவறவிட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் 33 வரும். அன்றைக்குத்தான் அந்த மாணவர் என்னிடம் முதன்முறையாக "இல்லை, நீங்கள் சொன்னது சரியில்லை" என்று சொல்லியிருப்பார். வாயால் சொல்லத் தயங்குகிறவர்களுக்குத் தாள் உதவுகிறது, என் அனுபவம் அப்படி.

சிக்மா_சின்னது

இன்னும் ஒன்று விட்டுப்போனது. திரும்பி வராத 46 பேர். அவர்களைச் சொல்லாமல் 66ஐ மட்டும் சொன்னால் அது பொய் இல்லை, ஆனால் கிட்டத்தட்ட. கடைசி அமர்வில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் கடைசி அமர்வு எது என்று முன்கூட்டித் தெரியாது. பலருக்கு முதல் அமர்வே கடைசி அமர்வு. ஒவ்வொரு அமர்விலும் வாங்கினால்தான் கடைசியாக வந்த நாளின் எண்ணாவது கையில் இருக்கும்.

வராமல் போனவர்கள் எல்லோரும் தோல்வி என்றும் எழுத வேண்டாம். சிலர் ஒரே பேச்சில் தெளிந்து போயிருப்பார்கள். மூன்று வாரம் கழித்து இரண்டே கேள்வியோடு ஒரு செய்தி அனுப்புங்கள்: வந்த விஷயம் இப்போது எப்படி இருக்கிறது, மறுபடி வர விருப்பமா. பாதிப் பேர் பதில் போட்டாலே இப்போது இருப்பதைவிட அதிகம்.

மூன்றாம்_அறை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் படிவங்களோடு உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அசையாத அந்த மாணவரின் கோப்பை முதலில் எடுத்தேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'ஆய்வு வழிகாட்டியிடம் பேச முடியவில்லை.' பி.எச்.க்யூ-9 அன்று 6, கடைசியில் 5. வழிகாட்டியிடம் பேசினார், தலைப்பையே மாற்றிக்கொண்டார், இப்போது மூன்றாவது இயல் எழுதுகிறார். அளக்க வேண்டியதை நான் அளக்கவே இல்லை, பழைய நாற்காலி அக்கா சொன்னது சரி.

அப்புறம் சிக்மா சொன்னபடி 66 பேரையும் தனித்தனியாகப் பிரித்தேன். 10க்கு மேலோ 10இலோ தொடங்கியவர்கள் 48. அவர்களில் ஐந்து புள்ளியாவது இறங்கிக் கோட்டையும் தாண்டியவர்கள் 22. இறங்கியும் கோட்டுக்குக் கீழே வராதவர்கள் 9. மாற்றமில்லாதவர்கள் 14. ஏறியவர்கள் 3. கோட்டுக்குக் கீழே தொடங்கிய 18 பேரில் ஒருவர் 8இலிருந்து 14க்குப் போயிருக்கிறார், மற்ற 17 பேர் ஐந்து புள்ளி அளவுக்கு நகரவில்லை.

இதில் வேடிக்கை, கணிசமாக இறங்கிய அந்த 31 பேரை 48இல் வைத்தால் 65 சதவீதம். 66இல் வைத்தால் 47. வந்த 112 பேரில் வைத்தால் 28. அதே 31 மனிதர்கள்தான்! என் சக ஆலோசகரிடம் மூன்றையும் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "65 நன்றாக இருக்கிறது" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அறிக்கையில் மூன்றையும் போடுகிறோம், 46 பேரின் நிலை தெரியாது என்பதை முதல் பத்தியிலேயே எழுதுகிறோம். ஆலோசகர் வாரியாகவோ துறை வாரியாகவோ தர மாட்டோம் என்பதையும் சேர்த்தாயிற்று.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. ஏறிய நான்கு பேரின் கோப்பையும் எடுத்தேன். இரண்டு பேர் என் அறைக்கு வந்தவர்கள். 11இலிருந்து 18க்கு ஏறிய ஒருவரின் கடைசிக் குறிப்பில் நான் எழுதியிருப்பது: 'நல்ல முன்னேற்றம் தெரிகிறது. அமர்வுகளை மாதம் ஒன்றாகக் குறைக்கலாம்.' அதே நாள் தேதி போட்ட படிவம் அந்தக் குறிப்புக்குப் பின்னாலேயே பின் குத்தி இருக்கிறது. 18. நான்தான் பின் குத்தியிருப்பேன். பார்க்கவே இல்லை. ஒன்பதாவது கேள்விக்கு 0 என்பது ஒன்றுதான் ஆறுதல், அதையும் இப்போதுதான் பார்க்கிறேன். அந்த மாத அமர்வுக்கு அவர் வரவில்லை. செமஸ்டர் முடிந்துவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

அவர் இப்போது இறுதியாண்டு. அழைத்துப் பேசலாமா, இவ்வளவு நாள் கழித்து அழைத்தால் பயந்துவிடுவாரா என்று தெரியவில்லை. அக்கா, நீங்களாக இருந்தால் என்ன சொல்லி அழைப்பீர்கள்?

பழைய_நாற்காலி

அழையுங்கள். படிவம், எண் எதையும் முதல் பேச்சில் எடுக்காதீர்கள். "கடைசியாக நாம் பேசியபோது நான் சரியாகக் கவனித்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது, இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். பதற்றமான குரலில் கூப்பிடாதீர்கள், மதியத்துக்குள் கூப்பிடுங்கள், வரச் சொன்னால் அன்றே வர ஒரு நேரம் காலியாக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். உங்கள் அறைக்கு வந்த இன்னொருவரையும் விட்டுவிட வேண்டாம். மற்ற இரண்டு பேரின் ஆலோசகர்களிடமும் இன்றே சொல்லுங்கள்.

மூன்றாம்_அறை

பேசிவிட்டேன். வியாழன் பதினோரு மணிக்கு வருகிறார். கிளிப் பலகையை வரவேற்பு மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தாயிற்று.